கல்லாஸ்பத்திரியில் அம்மா படுத்த கதை

அம்மாவின் இரண்டு கண்ணிலும் புரை. டாக்டர் சொல்லித்தான் இது தெரிய வேண்டும் என்றில்லை, எங்கள் தெருவைக் கேட்டாலே சொல்லும். ஒருநாள் விடிகாலையில் கோலமாவு என்று நினைத்து வாசலில் சோப்புத்தூளால் கோலம் போட்டுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் தூறல் விழுந்தது. தெருவே நுரைத்தது. பால் போட வந்தவர் சைக்கிளோடு வழுக்கிக்கொண்டு எதிர்வீட்டுத் தண்ணீர் டிரம் வரைக்கும் போய் நின்றார். இன்னொரு நாள் மார்க்கெட் முனையில் ஆளுயரத்துக்கு வைத்திருந்த தேர்தல் கட்-அவுட்டிடம் சாக்கடை அடைப்பைப் பற்றி நெடுநேரம் முறையிட்டுவிட்டு வந்தாள். பதிலே பேசாமல் கும்பிட்டபடி சிரித்துக்கொண்டிருந்ததால், நிஜ ஆள்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்தோம். திருவொற்றியூர் போகிற சாலையில் கன்டெய்னர் லாரியைக் கைகாட்டி நிறுத்தி, "காலடிப்பேட்டை போவுமாபா? லேடீஸுக்கு ஃப்ரீதான?" என்று கேட்டபோதும் சிரித்தோம். அடுத்த வாரம் மணலியிலிருந்து வந்த டேங்கர் லாரி ஒன்று அம்மாவுக்கு ஒரு கை தூரத்தில் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் கீழே இறங்கித் திட்டக்கூட முடியாமல், நடுங்கிக்கொண்டு ரோட்டோரமாக உட்கார்ந்துவிட்டார். அம்மா அவர் பக்கத்தில் போய், "இன்னாபா, ஒடம்பு செரியில்லியா? தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டாளாம். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயந்துவிட்டேன்.

கண் டாக்டர் தெளிவாகவே சொன்னார். இனிமேலும் தள்ளிப்போட்டால் புரை முற்றிவிடும், அப்புறம் ஆபரேஷனும் கஷ்டம், பார்வைக்கும் உத்தரவாதமில்லை. அம்மா ஒரே மகளான என்னிடம் அதைவிடத் தெளிவாகச் சொன்னாள்.

"வோணாம்."

"ஏம்மா?"

"பாக்க வேண்டியதெல்லாம் பாத்தாச்சி. இனிமே இன்னா கீது பாக்க, உன் மூஞ்சியா?"

அம்மா பிறந்தது தூத்துக்குடிப் பக்கம். ராயபுரத்துக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டதால் வாயில் வருவதெல்லாம் ராயபுரத்துப் பாஷைதான். மனசு கலங்கினால் மட்டும் ஊர்த் தமிழ் எங்கிருந்தோ எழுந்து வரும். ஆபரேஷன் பேச்சில் ஊர்த் தமிழ் வரவே இல்லை. அதனால் வெறும் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரி என்றால் பயம் என்றும் சொல்ல முடியாது. தெருவில் யார் அட்மிட் ஆனாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவள் அம்மாதான். ஒயர்கூடையில் பிரெட்டும் சாத்துக்குடியும் இல்லாமல் போக மாட்டாள். பார்க்கப் போன ஆளை நாலு வார்த்தையில் முடித்துவிட்டு, பக்கத்துக் கட்டிலில் யாரும் வராமல் கிடக்கிற நோயாளியிடம் போய் உட்கார்ந்துகொள்வாள். அவருக்கும் ஒரு பழத்தை உரித்துக் கொடுத்து, ஊர் எது, பிள்ளைகள் எத்தனை, வயிறு சரியாகப் போகிறதா என்று எல்லாவற்றையும் விசாரித்த பிறகுதான் எழுந்திருப்பாள். எனக்கு மானம் போகும். இத்தனை ஆஸ்பத்திரிக்கும் பார்க்கப் போகிறவள், தான் படுக்க மட்டும் மாட்டேன் என்றால் என்ன அர்த்தம்?

என் மூளைக்கு எட்டியது ஒன்றே ஒன்றுதான். நான் பிறப்பதற்கு முன்னால், அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தபோது, இரும்புக் குழாய் உருண்டு கால் முறிந்து கல்லாஸ்பத்திரியில் வாரக்கணக்கில் கிடந்திருக்கிறார். கால் சேர்ந்து நன்றாக நடமாடி, பிறகு பல வருஷம் கழித்து வீட்டில்தான் செத்துப்போனார். ஆனாலும் அம்மா அந்தக் கல்லாஸ்பத்திரிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். பயம் அங்கேதான் பிடித்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். தண்ணீரைக் கண்டு பயப்படும் நாயை எப்படிப் பழக்குவது என்று செல்போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். முதலில் குளக்கரையில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார வைக்க வேண்டுமாம். அம்மாவுக்கும் அதே வைத்தியம் செய்வது என்று தீர்மானித்தேன்.

குளக்கரையும் தோதாக அமைந்தது. கல்லாஸ்பத்திரி என்பது வெள்ளைக்காரன் காலத்தில் துறைமுகக் கூலியாட்களுக்காகக் கட்டிய கருங்கல் கட்டடம். பல வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைத் திறப்பதாக வாக்குக் கொடுப்பார்கள், தேர்தல் முடிந்ததும் மறந்துவிடுவார்கள். போன வருஷம் யாரோ கலை ஆர்வலர்கள் எடுத்து, புதர் வெட்டி, சுண்ணாம்பு அடித்து, விளக்குப் போட்டு, கண்காட்சிக் கூடமாக மாற்றிவிட்டார்கள். எக்ஸ்ரே ரூமில் ஓவிய வகுப்பு நடக்கிறது. பிணவறையில் சனிக்கிழமைகளில் கவிதை வாசிப்பு. நான் ஒரு ஏற்றுமதி ஆபீசில் கிளார்க். கூட வேலை பார்க்கிற ஒருத்தி அங்கே பாட்டுக் கேட்கப் போய்வந்து சொன்னதால் எனக்கு இது தெரியும். எங்கள் தெருவுக்குத் தெரியாது. புதுச் சுண்ணாம்பையும் ராத்திரி எரிகிற விளக்கையும் பார்த்துவிட்டு, "பரவால்லபா, சொன்ன மாறியே தொறந்துட்டானுங்கோ" என்று அவர்கள் அரசாங்கத்தைப் பாராட்டிக்கொண்டிருந்த விஷயம் எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மாவைக் கிளப்பினேன். "அது ஆஸ்பத்திரி இல்லமா இப்போ, படமெல்லாம் வெச்சிருக்காங்க, சும்மா பாத்துட்டு வரலாம்" என்று கெஞ்சியதில், என்ன தோன்றியதோ, வருகிறேன் என்றாள். எங்கள் ரோட்டில் ஆட்டோவில் போனால் முதுகுக்குத் தலையணை இல்லாமல் அவளால் முடியாது. காப்பி தன் கையால் போட்டதைத்தான் குடிப்பாள். ஆக, தலையணை, ஃபிளாஸ்க், ஒயர்கூடை, வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி சகிதம் ஆட்டோவில் ஏறி, தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். எங்கள் தெருவில் ஒருவர் தலையணையும் ஃபிளாஸ்க்குமாக ஆட்டோ ஏறினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அது எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

கட்டடத்தைப் பார்த்ததும் எனக்கே பிடித்துவிட்டது. உள்ளே நுழைந்தால் ஒரே நீளக் கூடம், தலைக்கு மேலே உயரத்தில் வளைந்து போகிற கூரை, கடல் காற்று. கைத்தறிப் புடவையும் பெரிய பொட்டுமாக ஒரு பெண் எங்களை வரவேற்றுச் சுற்றிக் காட்டினாள்.

"இந்தக் கூடம் ஐரோப்பாவுல இடைக்கால மருத்துவமனைகள் இருந்த மாதிரியே கட்டினதும்மா. ரெண்டு பக்கமும் கட்டில் வரிசை. இந்தக் கோடியில ஒரு வாசல், அந்தக் கோடியில ஒரு வாசல். அதோ அந்த மாடத்துல பிரார்த்தனை நடக்கும். நோயாளிங்க படுத்தபடியே கடவுளைப் பார்க்கலாம்."

"அங்கயா?" என்றாள் அம்மா. "அங்கதான் பெட்பேன்லாம் அட்க்கி வெச்சிருப்பாங்கோ."

அந்தப் பெண் நல்லவள், சிரித்துவிட்டாள். கூடத்தில் அப்போது வடசென்னையைப் பற்றிய கண்காட்சி. பழைய இரும்புக் கட்டில்களையே வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பொருளைப் படுக்க வைத்திருந்தார்கள். ஒன்றில் எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் குவிந்திருந்தது. ஒன்றில் கிழிந்த மீன்வலை. ஒன்றில் துருப்பிடித்த படகு எஞ்சின், கழுத்துவரை போர்வையோடு. ஊரே நோயாளியாகப் படுத்திருக்கிறது என்பது கருத்தாம். ஜன்னலோரம் ஒரு கட்டில் மட்டும் வெள்ளை விரிப்போடு காலியாக இருந்தது. அது பார்க்கிறவர்களின் மனசாட்சிக்காக விட்டிருக்கிற இடம் என்று அந்தப் பெண் விளக்கினாள். தொடக்கூடாது என்று போர்டும் இருந்தது.

அம்மா சுவரைத் தடவிக்கொண்டே போனாள். ஜன்னலுக்கு வந்ததும் நின்றாள். கம்பியைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு ஒயர்கூடையைக் கீழே வைத்தாள், தலையணையைப் போட்டாள், மனசாட்சிக்கான இடத்தில் காலை நீட்டிப் படுத்துவிட்டாள்.

"அம்மா, இது படைப்பு, படுக்கக் கூடாது" என்று பதறினாள் அந்தப் பெண்.

நான் கூச்சத்தில் கூனிக் குறுகிப்போய், "எழுந்திரும்மா, மானத்தை வாங்காத" என்றேன்.

"ஏட்டி, செத்த சும்மா இரி" என்றாள் அம்மா. "இந்த எடத்துலதான் உங்கப்பா கெடந்தாவ."

ஊர்த் தமிழ் வந்துவிட்டது. நான் கட்டிலோரம் உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணும் என்ன நினைத்தாளோ, கொஞ்சம் தள்ளிப் போய் நின்றாள்.

அம்மா கூரையைப் பார்த்தபடி சொன்னாள். அம்மா கோயிலுக்குப் போகிற வீடு, அப்பா சர்ச்சுக்குப் போகிற வீடு. இரண்டு வீட்டையும் எதிர்த்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டு மெட்ராஸுக்கு ரயிலேறியவர்கள். வந்த புதிதிலேயே அப்பாவுக்குக் கால் முறிந்துவிட்டது. தெருவில் யாரையும் தெரியாது. ஊரிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. சாயங்காலம் பார்க்க வருகிற நேரத்துக்கு மணியடித்ததும் இந்தக் கூடம் திமிலோகப்படுமாம். பக்கத்துக் கட்டில்காரருக்குக் குடும்பம் குடும்பமாக ஆள் வருவார்கள், தூக்குவாளியில் குழம்பு வரும், பழம் வரும், அழுகைகூட வரும். அப்பா கட்டிலில் அம்மா மட்டும் உட்கார்ந்திருப்பாள். பக்கத்துக் கட்டில்காரர் ஒருநாள் பாவம் பார்த்து, "ஒங்களுக்கு யாருமே இல்லியாபா?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு அப்பா சாப்பிடவே இல்லையாம்.

"மறுநா நான் இந்த வாசல் வழியா வெளிய போயி, வராந்தாவச் சுத்தி, சேலய மாத்திக் கட்டி, தலையில முக்காடு போட்டுகிட்டு அந்த வாசல் வழியா வந்தேன். உங்கப்பாவுக்கு மொதல்ல புரியல. அப்பறம் சத்தமா, பக்கத்துக் கட்டில்காரனுக்குக் கேக்கணும்லா, 'வாங்க மதினி, எப்ப வந்திய? ஊர்ல மழ உண்டா?'ன்னாவ. நான் அழுவனா சிரிப்பனா? 'நல்ல மழ, கொளம் நெறஞ்சிட்டு'ன்னேன். தெனமும் அப்பிடித்தான். ஒருநா மதினி, ஒருநா சித்தி, ஒருநா உங்கப்பாவுக்க பெரியம்ம. பெரியம்மயா வரும்போது கொஞ்சம் நொண்டுவேன்."

"நர்ஸுங்க ஒண்ணும் சொல்லலையாமா?"

"அவ்வோளுக்குத் தெரியும். ஒரு நர்ஸம்மா, 'சித்தியை இன்னிக்குக் காணுமே'ன்னு கேப்பா."

இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் சொன்னதே இல்லை. அடுத்த கட்டிலில் யாரும் வராமல் கிடக்கிறவர்களுக்கு ஏன் பழம் உரிக்கிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

"அதுக்கா ஆபரேஷன் வேணாங்கிற? ஏம்மா, இப்ப தெருவே உனக்குப் பழக்கம். நீ பார்க்கப் போகாத ஆளே கிடையாது. வர மாட்டாங்களா?"

"வருவாவன்னுதான் நெனச்சுகிட்டு இருக்கேன். படுத்துப் பாத்து, வராமப் போயிட்டா தெரிஞ்சிரும்லா? அப்பறம் நீ ஒருத்தி. நீ எத்தன தடவ வெளிய போயி உள்ள வருவ?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது வாசலில் ஒரு குரல் கேட்டது. எங்கள் எதிர்வீட்டுக்காரியின் குரல். காசிமேட்டில் மீன் வியாபாரம். ஏலத்தில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை, கருங்கல் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது.

"யம்மா! எங்கமா கீற?"

பின்னாலேயே தெரு வந்தது. எங்களைக் கொண்டுவந்து விட்ட ஆட்டோக்காரர், டீக்கடைக்காரர், கறிக்கடை பாயும் அவர் வீட்டம்மாவும், சோப்புத்தூளில் வழுக்கிய பால்காரர், இன்னும் யார் யாரோ. எல்லார் கையிலும் பிரெட், பன், சாத்துக்குடி. எதிர்வீட்டுக்காரி கையில் தூக்குவாளி. அம்மாவைக் கட்டிலில் கண்டதும் பாய் வீட்டம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விசும்பத் தொடங்கினார்.

"இன்னாமே நீ!" என்று எதிர்வீட்டுக்காரி என்மேல் பாய்ந்தாள். "அம்மாவ அட்மிட் பண்ணிகினு ஒரு வார்த்த சொல்லக் கூடாது? நாங்க இன்னா செத்தா பூட்டோம்? ஆட்டோக்காரு வந்து சொன்னாத்தான் தெரியணுமா?"

"அட்மிட்டெல்லாம் இல்லை, இது கண்காட்சி..."

"நீ சும்மா கெட. யம்மா, இன்னா பண்ணுது, நெஞ்சா?"

அம்மா இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மெல்லிய குரலில், "என்னமோ பண்ணுது" என்று முனகி, லேசாக இருமியும் காட்டினாள். சற்றுமுன் வரைக்கும் திடமாக நடந்து வந்த மனுஷி. எதிர்வீட்டுக்காரி சுற்றிலும் பார்த்தாள். சாம்பல் கட்டில் கண்ணில் பட்டது.

"இன்னா ஆஸ்பத்திரி இது, ஒரே கலீஜா கீது! கட்டில் மேல சாம்பலக் கொட்டி வெச்சிகினு. கூட்டுறதுக்கு ஆளே இல்லியா? அங்க பாரு, எஞ்சினுக்குப் போர்வ போத்தி வெச்சிகீறானுங்கோ. மன்சனுக்கு ஒரு ஃபேன் இல்ல!"

கண்காட்சி பார்க்க வந்தவர்கள் எங்களைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். சிலர் செல்போனில் படம் பிடித்தார்கள். தோளில் துணிப்பை தொங்க ஒரு பெரியவர் கண்கலங்க நின்றுகொண்டு, "பிரமாதம், நடிப்புன்னே தெரியல" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். பிறகு ஆட்டோக்காரரிடம் மெதுவாக, "நீங்க எந்தக் குழு?" என்று கேட்டார்.

"ராயபுரம் ஸ்டாண்டு சார்" என்றார் ஆட்டோக்காரர்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். புடவைப் பெண் மட்டும் உள்ளே போய், இரண்டு கையிலும் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பாய் வீட்டம்மாவை உட்கார வைத்தாள். அவளை அந்த இடத்திலேயே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

அம்மா தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உற்று உற்றுப் பார்த்தாள்.

"ஏட்டி, யாரெல்லாம் வந்திருக்காவ? ஒருத்தர் மொகமும் தெரியலியே. ஒரே வெள்ளையா இருக்கு."

"நான்தாமா, எதுத்த வூடு. சொறாப்புட்டு கொண்டாந்துகீறேன்."

"நான் கறிக்கடை வூடு, மா."

"பால்காரன்மா. அன்னிக்கி வுழுந்தேனே."

ஒவ்வொருவராகக் கிட்டே வந்து சொன்னார்கள். அவள் ஒவ்வொரு கையையும் பிடித்து முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எவ்வளவு கிட்டே வைத்தாலும் வெள்ளைதான். இத்தனை பேர் வந்தும் ஒருத்தரையும் பார்க்க முடியவில்லையே என்று அவள் முகம் கோணியது. நான் அழுதுவிட்டேன். துணிப்பைப் பெரியவரும் அழுதார். என்னையும் நடிகை என்று நினைத்து, வெளியே போகும்போது கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

கூட்டம் அடங்கிய பிறகு, சுறாப்புட்டை வழித்துத் தின்றுகொண்டே அம்மா கேட்டாள்: "அந்தக் கண்ணு டாக்டரு எப்ப வரச் சொன்னாரு?"

அடுத்து வந்த நல்ல நாளில் ஆபரேஷன். அம்மா புதுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ஆனால் கண் ஆஸ்பத்திரிகள் மாறிப்போய்விட்டன என்பதை நான் சொல்ல மறந்துவிட்டேன். காலையில் போனால் மத்தியானம் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கூட ஒரே ஓர் ஆள்தான் இருக்கலாம். பிரெட்டும் பழமுமாக வந்த தெருவை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். அம்மா ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தபோது எதிர்வீட்டுக்காரி போட்ட சத்தம் மாடி வரைக்கும் கேட்டது, ஆனால் ஆளை விடவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு கண்ணில் கட்டோடு அம்மா படுத்திருந்தாள். பக்கத்துக் கட்டிலில் இன்னொரு அம்மாள், அவருக்குத் துணையாக மகன்.

"யாரும் வரலியாட்டி?" என்றாள் அம்மா.

"எல்லாரும் வந்து கேட்ல நிக்கிறாங்கமா. உள்ள விட மாட்டேங்கிறாங்க. வீட்டுக்குப் போனதும் வருவாங்க."

"சரி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டில் அம்மாள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அந்த அறைக்கும் இரண்டு வாசல். ஒன்று லிஃப்ட் பக்கம், ஒன்று மாடிப்படிப் பக்கம். நான் லிஃப்ட் பக்கமாக வெளியே போனேன். நடைபாதையைச் சுற்றினேன். துப்பட்டாவை எடுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டேன். எதிரே வந்த நர்ஸ் ஒருமாதிரியாகப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று, மாடிப்படி வாசல் வழியாகக் கொஞ்சம் நொண்டிக்கொண்டே உள்ளே நுழைந்தேன்.

கட்டுப் போடாத கண்ணால் அம்மா என்னைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் இன்னும் புரை இருந்தது. நான் நொண்டுவது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். மெல்ல எழுந்து உட்கார்ந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, பக்கத்துக் கட்டிலுக்கு நன்றாகக் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினாள்.

"வாங்க பெரியம்ம, எப்ப வந்திய? ஊர்ல மழ உண்டா?"